ஒரு கை ஏலக்காயும் ரெட்டை எண் கணக்கும்

வாரம் தவறாமல் எனக்கு யாராவது ஒருவர் ‘நிரூபித்துவிட்டேன்’ என்று எழுதுகிறார். நார்வேயில், பெர்கன் நகரில், எண் கோட்பாடு கற்பிப்பவளுக்கு இது உத்தியோகத்தோடு கூடவே வரும் தொல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் எழுதுவார்கள். ஒரு பல் மருத்துவர் எழுதினார். குளிக்கும்போது கடவுளே வந்து சொன்னார் என்று ஒருவர் எழுதினார். உலகமே திணறும் கணக்கைத் தாம் முடித்துவிட்டதையும், பரிசை எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் ஓட்டை தெரிந்துவிடும். நான் அப்படியொன்றும் பொறுமைசாலி இல்லை. மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

கம்பத்திலிருந்து வந்த மின்னஞ்சல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ‘அம்மா, இதோடு அனுப்பியிருப்பதில் எங்கோ தப்பு இருக்கிறது. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?’ கீழே, காஜா மைதீன், ஏலக்காய் வியாபாரம், கம்பம். தப்பைக் கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, இப்படி. இரண்டைத் தாண்டிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களைக் கூட்டிப் பெற்றுவிடலாம் என்பதுதான் கணக்கு. பத்து என்றால் மூன்றும் ஏழும். இருபத்தெட்டு என்றால் பதினொன்றும் பதினேழும். கணினிகள் எண்ணிப் பார்த்த தூரம்வரை ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆனால் எண்ணிப் பார்ப்பது ஓரிடத்தில் நின்றுவிடும், எண்கள் நிற்பதில்லை. எல்லா எண்ணுக்கும் இது பொருந்தும் என்ற நிரூபணம் முந்நூறு ஆண்டுகளை நெருங்கியும் யாரிடமும் இல்லை. இந்தக் கணக்குக்கு ஒரு ஜெர்மானியப் பெயர் உண்டு. கம்பத்தில் அது யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் ‘ரெட்டை எண் கணக்கு’ என்றே சொன்னார்கள். எனக்கும் அதுவே பிடித்துப்போனது.

‘ஆடியில் மதுரையில் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிலரங்குக்கு வருகிறேன், கம்பத்துக்கு நேரிலேயே வந்து பேசுகிறேன்’ என்று பதில் போட்டேன். மரியாதைக்காக எழுதிய வரி. அது என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

விமானத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். சுத்தமான கை. ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தாங்கி நின்றது, நடுவில் ஓரிடம்வரை. அங்கே ‘எனவே எந்த நீளத்துக்கும் இதே விகிதம்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே தரையில்லை. அதற்குமேல் கட்டியிருந்ததெல்லாம் விழுந்துவிடும். பென்சிலால் சுழித்தேன். அவர் கேட்டதைக் கண்டுபிடித்தாயிற்று, சந்தோஷப்பட வேண்டியதுதான். தாளை மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தேன்.

மதுரை வேலை முடிந்த மறுநாள் காலை கம்பம் பேருந்தில் ஏறினேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று ஆளைத் தூக்கியது. ஆடிக் காற்றைப் பற்றித் திருச்சியில் பிறந்த எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். இது வேறு ரகம். பெர்கனில் வருடமெல்லாம் மழை, ஆனால் அது சாதுவான மழை, தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருக்கும். இங்கே மேற்கு மலையைத் தாண்டிவந்த சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அறைந்துவிட்டுப் போனது.

பழனிசெட்டிபட்டியில் டயர் வெடித்தது. “எல்லாரும் எறங்குங்க, பின்னாடி வண்டி வருது, டிக்கெட்டப் பத்திரமா வச்சுக்கிருங்க” என்றார் நடத்துனர். பெர்கனில் பேருந்து சற்றே தாமதமானாலும் மின்பலகை வருத்தம் தெரிவிக்கும். பக்கத்தில் நிற்பவர் வாய் திறக்க மாட்டார். இங்கே வருத்தம் தெரிவிக்க ஆளில்லை. ஆனால் என் பக்கத்து இருக்கை அம்மா, மகள் வீட்டில் கட்டிக்கொடுத்த குழிப்பணியாரப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் மூன்றை வைத்தார்.

“கம்பத்துல ஆரு வீட்டுக்கு?”

“தெரிஞ்சவங்க ஒருத்தர். ஏலக்காய் வியாபாரம்.”

“நம்ம ராவுத்தரா? கணக்குல ஜெயிச்சாரே, அவரா? அதச் சரிபாக்க வெளிநாட்டுல இருந்து ஒரு டீச்சரம்மா வர்றாகளாம்ல! ஜெயிக்கலேன்னா அம்புட்டுத் தூரத்துல இருந்து வருவாகளா, சொல்லுங்க?”

பணியாரம் தொண்டையில் நின்றது. அவர் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அந்த டீச்சரம்மா நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கண்ணில் படாமல் போக வழியே இல்லாத இடத்தில், ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். இடது பக்கம் காஜா மைதீன், கறுப்புக் கண்ணாடியோடு. வலது பக்கம் நான். இணையத்திலிருந்து எடுத்த படம், கம்பளிக் குல்லா, பின்னால் பனி. ‘ரெட்டை எண் கணக்கை வென்ற கம்பத்தின் கணிதச் சிங்கமே! நார்வே நாட்டிலிருந்து நேரில் வந்து உறுதிசெய்யும் பேராசிரியை நளினி அவர்களே, வருக வருக!’ காற்று புகுந்துபோவதற்காகப் பேனரில் பிறை பிறையாகக் கிழித்துவிட்டிருந்தார்கள். அதிலொன்று என் கன்னத்தில். காற்று வரும்போதெல்லாம் கன்னம் திறந்து மூடியது.

அதன் அடியில்தான் காஜா மைதீன் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், அறுபதை நெருங்குபவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். வணக்கம் சொல்வதற்கு முன்பே, “மேடம், இத நான் வைக்கச் சொல்லல” என்றார்.

“நாந்தான் வச்சேன்” என்று பின்னாலிருந்து வந்தார் ஜெயபாண்டி. காஜா மைதீனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். “மேடம், பொண்ணப் புடிக்கலேன்னா என்ன செய்வாக? புரோக்கர்கிட்டச் சொல்லிவிடுவாக, இல்லாட்டி ஒரு போனப் போடுவாக. வீடு தேடி வந்து வேணாம்னு ஆராச்சும் சொல்லுவாகளா? நீங்க நேர்ல வர்றேன்னு எழுதிட்டீக. அப்பறம் என்ன? நாளான்னிக்குச் சாயங்காலம் பாராட்டு விழா. ஆடி மாசம், மண்டபம் சும்மாத்தான் கெடக்கு. கேசரிக்குக்கூடச் சொல்லியாச்சு.”

அவர் சொன்னதில் ஒரு தர்க்கம் இருந்தது. எங்கள் வீட்டிலும் எனக்கு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னதெல்லாம் தொலைபேசியில்தான். நான் காஜா மைதீனைப் பார்த்தேன். அவர் பேனரைக் கட்டியிருந்த கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி ஜெய்த்தூன் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் தால்ச்சாவும் செய்திருந்தார். தால்ச்சாவில் மாங்காய் போட்டிருந்தது. பெர்கனில் உருளைக்கிழங்கையும் மீனையும் வேகவைத்து, உப்பு போட்டதையே சமையல் என்று நம்பும் மக்களோடு எத்தனையோ ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன். நாக்கு உயிர்த்து எழுந்தது. மூன்றாவது முறை சோறு வைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பிறகு தேநீர் வந்தது. வீடு முழுக்க ஏலக்காய் மணம், தேநீரில் மட்டும் இல்லை.

“விக்கிறதுக்குத்தான் மேடம், திங்குறதுக்கா?” என்றார் காஜா மைதீன். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் தட்டில் சோறு அப்படியே இருந்ததைக் கவனித்தேன். என் கைப்பையில் பென்சில் சுழித்த தாள் இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விடுதிக்குத் திரும்பும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல். அயல்நாட்டுக் கருத்தரங்குகளில் பெரிய பெரிய ஆட்களிடம் எழுந்து நின்று ‘உங்கள் மூன்றாவது படி நிற்காது’ என்று சொன்னவள் நான். ஒரு தட்டு நெய்ச்சோறு என் வாயைக் கட்டிவிட்டது.

இரண்டாம் நாள் காலை காஜா மைதீன் ஜீப்போடு வந்தார். “தேவாரம்வரைக்கும் ஒரு சோலி இருக்கு மேடம். வாங்க, போற வழியில பேசலாம்.”

பேசலாம் என்று நம்பி ஏறினேன். அந்த ஜீப்பின் இரைச்சலில் ஒரு வாய்ப்பாட்டைக்கூடச் சொல்ல முடியாது, நிரூபணத்துக்கு எங்கே போவது. நடவு முடிந்த வயல்கள், தென்னை, அப்புறம் மலை. இடையில் மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கைபேசி அழைப்பு வர, வண்டியை ஓரங்கட்டி மலையாளத்தில் பேசினார். எனக்குப் புரிந்தவரை: மழை விட்டதும் காயைக் கீழே அனுப்பு, நனைந்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் நம்மை யார் மதிப்பார்கள். வைத்ததும் எதுவுமே நடக்காததுபோலத் தமிழுக்குத் திரும்பி, “அந்தா ஆடு வருது” என்றார். ஆடுகள் சாலை முழுவதும் நிறைந்துவிட்டன. அவை போய் முடியும்வரை நின்றோம். அவர் ஹாரன் அடிக்கவேயில்லை.

தேவாரத்தில் ஒரு தோட்டக்காரரின் கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. காஜா மைதீன் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கைவரை கையை நுழைத்து, ஒரு கை அள்ளித் தாம்பாளத்தில் கொட்டினார். விரலால் பரப்பினார். ஒன்றை உடைத்து முகர்ந்தார். பச்சை நிறம் சரியா, பிளந்தது எத்தனை, உள்ளே விதையில்லாத பொக்கு எத்தனை என்று பார்த்தார். அடுத்த மூட்டையிலும் ஒரு கை. அவ்வளவுதான். தோட்டக்காரரும் அவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள், வியாபாரம் முடிந்துவிட்டது.

நான் ஒரு மாணவியைப்போலக் கேட்டேன்: “மூட்டைக்கு அடியில வேற மாதிரி இருந்தா?”

“இருக்காது மேடம். ஒரு மூடைக்கு ஒரு கை. கை சொன்னா மூடை சொன்ன மாதிரி. எங்க அத்தா காலத்துல இருந்து அதான் யாவாரம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சுழித்த வரி எங்கிருந்து வந்தது என்று அந்தக் கிட்டங்கியில்தான் விளங்கியது. கணக்குத் தெரியாததால் வந்த தப்பில்லை அது. இந்தப் பள்ளத்தாக்கில் ஏலக்காய் விற்று வளர்ந்த ஒருவரால் மட்டுமே அவ்வளவு நம்பிக்கையோடு எழுத முடிந்த வரி. நல்லவேளை தப்பை மின்னஞ்சலில் எழுதிப் போடவில்லை. போட்டிருந்தால் தப்பைச் சொல்லியிருப்பேன், அவருக்கு விளங்கும்படி சொல்லியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது பொட்டிப்புரம் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார். எதிரே பாறை மலை. “இந்த மலைக்குள்ளதான் பெரிய லேப் கட்டப்போறதாச் சொன்னாக” என்றார். “கண்ணுக்குத் தெரியாத துகளப் புடிச்சுப் பாக்குறதுக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு அவுக சொன்னாக. ஒண்ணும் ஆகாதுங்கிறத நிரூபிங்கன்னு சனங்க கேட்டாக. எனக்கு ரெண்டு பக்கமும் சரின்னுதான் பட்டுச்சு மேடம். நிரூபணம்னா ஆளாளுக்கு ஒண்ணு நெனைக்கிறாக.”

மலையைப் பார்த்தபடியே சொன்னார்: “நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அந்த இடத்தைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தெரிந்தது. அவர் சட்டைப்பையில் சாம்பிள் ஏலக்காய்ப் பொட்டலம் இருந்தது. அதை வாங்கி மேஜைமேல் கொட்டினேன்.

அவருடைய வழி இதுதான். நூறு வேண்டுமென்றால் எண்களைச் சோடி சோடியாக வைப்பார்: மூன்றும் தொண்ணூற்றேழும், ஐந்தும் தொண்ணூற்றைந்தும், இப்படி. பிறகு சல்லடை போடுவார். மூன்றின் சல்லடையில் மூன்றால் வகுபடுவது இருக்கும் சோடிகள் விழுந்துவிடும், மூன்றும் தொண்ணூற்றேழும்கூட. அடுத்து ஐந்தின் சல்லடை, அடுத்து ஏழின் சல்லடை. ஒவ்வொன்றும் ஒரு பங்கைக் கழிக்கும், ஒரு பங்கை விட்டுவைக்கும். கடைசியில் எப்படியும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சிய சோடியில் இரண்டும் பகா எண். ஏலக்காயை எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். சல்லடைகளில் தரம் பிரிப்பவருக்கு இது கைவந்த வழி.

“நூறு வரைக்கும் ஏழால வகுபடுற எண் எத்தனை?” என்று கேட்டேன்.

“பதினாலு.”

“நூறை ஏழால வகுத்தா?”

“பதினாலு. மிச்சம் ரெண்டு.”

“அந்த மிச்சத்தை என்ன பண்ணுனீங்க?”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “தள்ளிட்டேன். கழிவு. ஒரு சல்லடைக்கு ஒரு சிட்டிகைதான மேடம். யாவாரத்துல அதெல்லாம் ஆரு பாப்பாக?”

“எத்தனை சல்லடை போடணும்?”

“எண் பெருசானா... சல்லடையும்...”

மேஜைமேல் இருந்த ஏலக்காயை ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கினார், கணக்குப் போடுகிறவர் கல் நகர்த்துவதைப்போல. எண் பெரிதாகப் பெரிதாகச் சல்லடைகள் பெருகும். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை, சல்லடையும் சல்லடையும் சேரும் இடங்களில் இன்னும் ஒரு சிட்டிகை. எல்லாக் கழிவையும் சேர்த்தால் மிஞ்சியதாக அவர் காட்டியதைவிட அதிகமாகிவிடலாம். கையும் மூட்டையும் ஒன்று என்று நம்பி, மூட்டை முழுவதற்கும் பொருந்தும் விகிதம் ஒரு கைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதில் நேர்ந்தது அது. நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் விரல்கள் நின்றுபோன இடத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. தேநீரில் ஆடை படிந்தது.

“சரிதான்” என்றார் கடைசியில். ஏலக்காயைத் திரும்ப அள்ளிப் பொட்டலத்தில் போட்டார். கீழே விழுந்த ஒன்றைக் குனிந்து எடுத்தார். “வண்டியில ஏறுங்க மேடம்.”

கம்பம்வரை அந்த ஜீப்பின் இரைச்சலுக்கு நான் அன்று நன்றி சொன்னேன்.

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஜெய்த்தூன் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: “தப்புன்னு சொல்லிட்டீகளா?”

தலையாட்டினேன். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

“எங்கன்னும் சொல்லிட்டீகளா?”

“சொல்லிட்டேன்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அல்லா காப்பாத்துனான். அந்த பேனரு வச்ச நாள்ல இருந்து மனுசன் சோறு திங்கல தெரியுமா? இத்தன வருசமா ராத்திரியும் பகலும் இதத்தான் போட்டுக்கிட்டு இருக்காக. தப்பு இருக்கு, தப்பு இருக்குன்னு அவுகளே சொல்லுவாக. ஊரு கேக்க மாட்டேங்குது. படிச்சவுக நாலஞ்சு பேருகிட்டக் காமிச்சாக. நல்லா இருக்கு பாய்னு தோள்ல தட்டிட்டுப் போயிட்டாக. ஒருத்தராச்சும் படிச்சாகளா? நீங்க படிச்சிருக்கீக.” எழுந்து அடுப்படிக்குப் போனார். “இடியாப்பம் இருக்கு. ஒக்காருங்க.”

இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். உலகத்தில் எந்தக் கருத்தரங்கிலும் இப்படி ஒரு தீர்ப்புக்குப் பிறகு இப்படி ஒரு இடியாப்பம் எனக்குக் கிடைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது, தேங்காய்ப் பாலைக் குனிந்து குடித்து மறைத்தேன். சற்று நேரத்தில் காஜா மைதீன் உள்ளே வந்தார், கைகழுவினார், தட்டைப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை இடியாப்பம் சாப்பிட்டார் என்று எண்ணவில்லை. ஜெய்த்தூன் வைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலை ஜெயபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். “இப்ப என்னத்தச் செய்ய? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. மேடம், ஒரு வார்த்த, சும்மா ‘நல்ல முயற்சி’ன்னு மேடையில சொல்லிட்டுப் போயிருங்களேன். ஆருக்குத் தெரியப்போகுது?”

நான் வாய் திறப்பதற்குள் காஜா மைதீன், “ஏலே பாண்டி, விழாவ நடத்து. நாஞ் சொல்லிக்கிறேன்” என்றார்.

எனக்குத்தான் பயம். சாயங்காலம் மண்டபத்தில் பாதி கம்பம் இருந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். பணியாரம் கொடுத்த அம்மாவும் இருந்தார். என்னை மேடையில் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒலிபெருக்கி ஊளையிட்டது. வரவேற்புரை, வாழ்த்துரை என்று ஆளாளுக்கு, காஜா மைதீன் கணக்கை வென்றுவிட்டவர் என்றே பேசினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவர் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. என்னைப் பேச அழைத்தபோது அவர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

மேடை மேஜைமேல் கடையிலிருந்து கொண்டுவந்த சல்லடைகள். ஒரு தாம்பாளத்தில் ஏலக்காய்.

“நான் ஜெயிக்கல” என்றார். “பாண்டி ஆசைல போட்டுட்டான். இந்த மேடம் என் தப்பச் சொல்லத்தான் வந்தாக. என்ன தப்புன்னு காமிக்கிறேன், பாருங்க.”

காண்பித்தார். சல்லடை போட்டுக்காட்டி, அடியில் ஒட்டியிருந்த தூசியையும் பொக்கையும் விரலால் வழித்து எடுத்தார். “இம்புட்டுத்தான் கழிவு. நம்மள்ல ஆராச்சும் இதுக்குக் கணக்கு வச்சிருக்கமா? வைக்கல. ஒரு சல்லடைக்குச் சரி. ஆயிரம் சல்லடை போட்டா?”

முன்வரிசையிலிருந்து ஒரு வியாபாரி கத்தினார்: “மூடையவே காணாம்ணே!”

மண்டபம் சிரித்தது. நான் இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு இந்த இடத்தைக் கரும்பலகையில் விளக்கியிருக்கிறேன், ஒருவரும் சிரித்ததில்லை. சிரிப்பு என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

“அப்பக் கணக்கு பொய்யா பாய்?” என்று வேறொருவர் கேட்டார்.

“கணக்கு பொய்யில்ல. உண்மையாத்தான் இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாக. நாங் காமிச்ச நிரூபணம் நிக்கல, அம்புட்டுதான். அத இவுகதான் கண்டுபிடிச்சாக. ஒரு வரி விடாமப் படிச்சு, ஏரோப்ளேன்ல வந்து, டயரு வெடிச்சு வந்து கண்டுபிடிச்சிருக்காக.” ஜெயபாண்டியைத் திரும்பிப் பார்த்தார். “பாண்டி, அந்தப் பொன்னாடையக் கொண்டா.”

தமக்காக வாங்கிய பொன்னாடையை ஜெய்த்தூனைக் கூப்பிட்டு என் தோளில் போர்த்தச் சொன்னார்.

எங்கள் தொழிலில் அடுத்தவர் நிரூபணத்தைப் படித்துத் தப்புச் சொல்பவருக்குப் பெயர் கிடையாது. மாதக்கணக்கில் படித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால், கட்டுரையின் கடைசியில் ‘பெயரறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி’ என்று பொடியெழுத்தில் ஒரு வரி வரும். எழுதியவருக்கு மனமிருந்தால் வரும். நான் அப்படி எத்தனையோ பேருக்குப் பெயரறியாதவளாக இருந்திருக்கிறேன். கம்பத்தில், ஆடி மாதத்தில், காலியாகக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில், என் பெயரைச் சொல்லி, தப்புக் கண்டுபிடித்ததற்காகக் கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கேசரி நன்றாக இருந்தது, முந்திரி தாராளம்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பேனர் இல்லை. எதிரே நின்ற காஜா மைதீனின் ஜீப்பில், மூட்டைகள் சாரலில் நனையாமல் இருக்க ஜெயபாண்டி அதைப் போர்த்திக் கட்டியிருந்தார். குல்லா போட்ட என் முகம் ஏலக்காய் மூட்டைகள்மேல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஜெய்த்தூன் பன்னீர் திராட்சையும் ஒரு டப்பா ஏலக்காயும் கொடுத்தனுப்பியிருந்தார். “விக்கிறதுக்கில்ல, திங்குறதுக்கு” என்று சொல்லச் சொன்னாராம்.

பேருந்து உறுமத் தொடங்கியது. காஜா மைதீன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். சரியாகத் தூங்காத கண்கள், ஆனால் முதல் நாள் பேனருக்கு அடியில் பார்த்த முகம் இல்லை.

“மேடம், ஒரு சந்தேகம். கழிவெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சாத்தான மூடை போகும்? ஒரு சல்லடையில கூடப் போறது, இன்னொண்ணுல கொறஞ்சு போகுமில்ல? அது இதுக்குச் சரியாப் போகும்னு நிரூபிச்சுட்டா?”

“நிரூபிச்சா முடிஞ்சது” என்றேன். “ஆனா அந்த எடத்துலதான் எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம். யாருக்கும் அதுக்கு மேல வழி தெரியல.”

“நீங்க?”

“நானும் அங்கதான் நிக்கிறேன்.”

பேருந்து நகர்ந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து, பிறகு வேகமாக நடந்து, காற்றுக்கு மேலாகக் கத்தினார்:

“அப்ப எல்லாரும் நிக்கிற எடத்துலதான் நானும் நிக்கிறேனா?”

“ஆமா!”

“அது போதும் மேடம்” என்று சொல்லிக் கம்பியை விட்டார்.